மரபணு மாற்றப்பட்ட உணவு: பாக்கெட்டின் மேல் எழுதச் சொல்வது உரிமையா, வீண் பீதியா?

வெண்முகில் எழுதியது:

மரபணு மாற்றப்பட்ட உணவுக்கு லேபிள் வேண்டுமா என்று எங்கே பேச்செடுத்தாலும், ஐந்து நிமிடத்தில் அது "அந்த உணவு ஆபத்தானதா" என்ற கேள்வியாக உருமாறிவிடுகிறது. பிறகு ஆளுக்கொரு கட்சி. லேபிளை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்பதால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத வேண்டும். கட்டாயமாக, பாக்கெட்டின் மேலேயே, கண்ணாடி போடாமல் படிக்கக்கூடிய அளவில் எழுத வேண்டும். அந்த உணவு நஞ்சு என்று நான் நம்புவதால் இதைச் சொல்லவில்லை. 2016இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் வெளியிட்ட பெரிய அறிக்கையை வாசித்திருக்கிறேன். சந்தையில் உள்ள மரபணு மாற்றப் பயிர்களால் மனித உடல்நலத்துக்குக் கூடுதல் ஆபத்து இருப்பதாக உறுதியான சான்று எதுவும் இல்லை என்று அது சொல்கிறது. அதை ஏற்கிறேன். ஏற்றுக்கொண்ட பிறகும் லேபிள் வேண்டும் என்கிறேன்.

ஏனென்றால் பாக்கெட்டில் நாம் எழுதுவதெல்லாம் ஆபத்தைப் பற்றியது மட்டுமல்ல. கதிர்வீச்சால் பதப்படுத்திய உணவைப் பாருங்கள். அது பாதுகாப்பானது என்று சொல்லி அனுமதித்த அதே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம்தான் 1986 முதல் அதற்கு ஒரு தனிச் சின்னம் போட வேண்டும் என்று விதித்திருக்கிறது. ஆனால் 1992இல் மரபணு மாற்றம் பற்றிய கொள்கையை வெளியிட்டபோது, இந்த முறையில் உருவானதற்காக மட்டும் தனி லேபிள் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. ஒன்றுக்கு ஒரு நியாயம், மற்றதற்கு வேறு நியாயமா? இதற்கு யாராவது நேராகப் பதில் சொல்லுங்கள்.

கதிர்முனை எழுதியது:

பயிர்ப் பெருக்கத் துறையில் இருப்பவன் என்ற முறையில் நானே பதில் சொல்கிறேன்.

கதிர்வீச்சு உணவின் சுவையையும் பதத்தையும் மாற்றக்கூடும், வாங்குபவருக்கு அது தெரிய வேண்டும் என்பதுதான் அந்த விதிக்குச் சொல்லப்பட்ட காரணம். அதாவது கையில் இருக்கும் பொருளில் ஏதோ மாறியிருக்கலாம். சர்க்கரையில் அப்படி எதுவும் இல்லையே. அமெரிக்காவில் விளையும் சர்க்கரை பீட் கிட்டத்தட்ட முழுவதும் களைக்கொல்லி தாங்கும் மரபணு மாற்ற ரகம். அதிலிருந்து வரும் சர்க்கரையும் கரும்பிலிருந்து வரும் சர்க்கரையும் ஒரே சுக்ரோஸ்தான். எந்தப் பீட்டிலிருந்து வந்தது என்று அந்த மூலக்கூறைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பிறகு லேபிள் எதைப் பற்றிப் பேசுகிறது?

இன்னொன்றும் கேட்கிறேன். விதைகளைக் காமா கதிரில் காட்டியும், ரசாயனத்தில் ஊறவைத்தும், மரபணுத் தொகுதியில் எங்கெங்கோ மாற்றங்களை உண்டாக்கி, நல்லதாக வந்ததைப் பொறுக்கியெடுக்கும் முறை பல பத்தாண்டுகளாகவே நடைமுறையில் இருக்கிறது. சர்வதேச அணுசக்தி முகமையும் ஐநா உணவு, வேளாண்மை அமைப்பும் சேர்ந்து பராமரிக்கும் பட்டியலில் இப்படி உருவான ரகங்கள் 3,000க்கு மேல் இருக்கின்றன. நெல், கோதுமை, பார்லி, சிவப்புச் சதை கொண்ட கிரேப் ஃப்ரூட் எல்லாம் அதில் உண்டு. அவற்றில் எங்கே என்ன மாறியது என்று பெரும்பாலும் யாரும் தேடிப் பார்த்ததுகூட இல்லை. அவற்றுக்கு லேபிள் கிடையாது, கேட்பாரும் இல்லை. எந்த மரபணு நுழைந்தது, எந்த இடத்தில் நுழைந்தது என்று ஆவணம் வைத்து, பல ஆண்டுகள் சோதித்து வெளியே வரும் ரகத்தின் மீது மட்டும் முத்திரை குத்த வேண்டும் என்பது எனக்கு அநீதியாகவே படுகிறது.

தாய்மடி எழுதியது:

நான் விஞ்ஞானம் படித்தவள் அல்ல. என் மகனுக்குக் கடுமையான நிலக்கடலை ஒவ்வாமை. வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு பாக்கெட்டின் பின்பக்கத்தையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்துவிட்டுத்தான் பிரிப்போம். ஒருமுறை "கடலை இருக்கலாம்" என்ற வரி மடிப்புக்குள் மறைந்து அச்சாகியிருந்தது. அன்று இரவு மருத்துவமனையில் கழிந்தது. அதனால் லேபிள் என்பது எனக்குக் கொள்கைச் சர்ச்சை அல்ல.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒரு செடியின் மரபணுவை இன்னொன்றில் வைக்கும்போது ஒவ்வாமையும் கூடவே போகுமா? போகும் என்றால், "மரபணு மாற்றப்பட்டது" என்று எழுதினால் என்னைப் போன்றவர்களுக்குப் பயன் உண்டா?

அளவுகோல் எழுதியது:

அம்மா, உணவுப் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். இரண்டு கேள்விக்கும் தனித்தனியே பதில் சொல்கிறேன்.

ஒவ்வாமை போகுமா? போகக்கூடும். நடந்தும் இருக்கிறது. சோயாவில் மெத்தியோனைன் என்ற அமினோ அமிலம் குறைவு. தீவனத்தின் தரத்தை உயர்த்த, ஒரு விதை நிறுவனம் பிரேசில் நட் கொட்டையின் புரத மரபணுவைச் சோயாவில் வைத்தது. பிரேசில் நட் ஒவ்வாமை உள்ளவர்களின் ரத்தச் சீரத்தில் சோதித்தபோது, அந்தப் புரதமே ஒவ்வாமையூட்டி என்று தெரியவந்தது. முடிவுகள் 1996இல் மருத்துவ இதழில் வெளியாயின. ரகம் கைவிடப்பட்டது, சந்தைக்கு வரவே இல்லை. ஆக, அதைப் பிடித்தது வெளியீட்டுக்கு முந்தைய சோதனை.

லேபிள் உங்களுக்குப் பயன்படுமா? இந்த விஷயத்தில் பயன்படாது என்றே சொல்வேன். "மரபணு மாற்றப்பட்டது" என்ற வரி எந்தப் புரதம் சேர்ந்தது என்று சொல்லாது. உங்கள் மகனைக் காப்பது ஒவ்வாமைப் பட்டியல்தான். அது தடித்த எழுத்தில், மடிப்பில் மாட்டாமல் அச்சாக வேண்டும். ஒவ்வாமையூட்டி எந்த வழியில் உள்ளே வந்திருந்தாலும் அதன் பெயர் அங்கே இருக்க வேண்டும்.

வெண்முகில் எழுதியது:

அளவுகோல் சொன்னது சரி. ஆனால் சோதனையைத் தாண்டியும் சரக்கு வழிதவறும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஸ்டார்லிங்க் என்ற மரபணு மாற்ற மக்காச்சோளத்தை மறந்துவிட வேண்டாம். அதில் இருந்த கிரை9சி என்ற பூச்சிக்கொல்லிப் புரதம் வயிற்றில் எளிதில் சிதையாமல் போகலாம், ஒவ்வாமையூட்டியாக இருக்கலாம் என்ற ஐயம் இருந்தது. அதனால் அமெரிக்காவில் கால்நடைத் தீவனத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தார்கள். 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் அது மனிதர் உண்ணும் டாக்கோ என்ற மக்காச்சோளத் தின்பண்டத்தின் ஓடுகளில் இருந்தது தெரியவந்தது. கண்டுபிடித்தது அரசு அமைப்பு அல்ல, தன்னார்வக் குழுக்கள் ஆய்வகத்துக்கு அனுப்பிய மாதிரி. முன்னூறுக்கும் மேற்பட்ட பொருள்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. பின்னர் நோய்க் கட்டுப்பாட்டு மையம், புகார் கொடுத்தவர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது அந்தப் புரதத்துக்கு எதிரான ஒவ்வாமைத் தடயம் கிடைக்கவில்லை. நல்லதாகப் போயிற்று. ஆனால் தீவனத்துக்கென்று விதைத்தது தட்டுக்கு வந்து சேர்ந்ததை யாரும் கவனிக்கவில்லையே. எது எங்கே போகிறது என்று பதிவு வைக்காத அமைப்பின் விளைவு இது. லேபிள் கேட்பவர்கள் உண்மையில் கேட்பது அந்தப் பதிவைத்தான்.

பண்டகசாலை எழுதியது:

தானியக் கொள்முதலில் பல வருடம் இருந்தவன். இந்த விவாதத்தில் வழக்கமாக யாரும் பேசாத இடம் ஒன்று உண்டு, லாரி வந்து நிற்கும் இடம்.

லாரியின் மேலிருந்து நீண்ட குழாய் ஊசியைப் பல இடங்களில் செருகி மாதிரி எடுப்போம். ஓர் இடத்தில் எடுத்தால் போதாது, கலப்பு எப்போதும் மூலையில்தான் உட்கார்ந்திருக்கும். எடுத்ததை மாவாக அரைத்து, தண்ணீர் விட்டுக் குலுக்கி, தெளிந்த பிறகு ஒரு பட்டைக் காகிதத்தை முக்குவோம். சில நிமிடத்தில் ஒரு கோடு வந்தால் சோதனை வேலை செய்கிறது என்று அர்த்தம். இரண்டாவது கோடும் வந்தால், புகுத்திய மரபணு உண்டாக்கும் புரதம் அதில் இருக்கிறது. டிரைவர் இன்ஜினை அணைக்காமல் காத்திருப்பார். இரண்டாவது கோடு மங்கலாக வரும் நாளில்தான் சண்டை.

மரபணு மாற்றச் சரக்கையும் மற்றதையும் பிரித்து வைக்க வேண்டும் என்றால் விதைப்பில் தொடங்கி, அறுவடை இயந்திரம், லாரி, கிடங்கு, கப்பலின் அறை வரை எல்லாவற்றையும் கழுவ வேண்டும், அல்லது தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். மக்காச்சோள மகரந்தம் காற்றில் போகும், வேலி போட்டுத் தடுக்க முடியாது. அதனால்தான் பல நாட்டுச் சட்டங்களில் "தவிர்க்க முடியாத கலப்பு" என்று ஒரு வரம்பு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.9 சதவீதம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 1. தென்கொரியாவில் 3. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 5. பலர் இது முழு பாக்கெட்டின் எடையில் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஐரோப்பாவில் அந்த 0.9 ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்படுகிறது. பிஸ்கட்டில் சோயா மாவு துளிதான் என்றாலும், அந்தத் துளிக்குள் நூற்றுக்கு எவ்வளவு என்பதுதான் கணக்கு.

0.9க்கும் 5க்கும் இடையே இருப்பது வெறும் எண் அல்ல. 5 என்றால் வழக்கமான துப்புரவோடு ஓட்டிவிடலாம். 0.9 என்றால் தனி வழித்தடமே வேண்டும்.

பனிமலர் எழுதியது:

அந்தச் செலவு கடைசியில் யார் தலையில் விழும்?

பண்டகசாலை எழுதியது:

இன்று பெரும்பாலும், மரபணு மாற்றம் இல்லாததை விற்பவர் தலையில். பிரித்து வைப்பதும், சோதிப்பதும், சான்று வாங்குவதும் அவர் வேலை என்று ஆகிவிட்டது. வாங்குபவர் கூடுதல் விலை கொடுத்து அதைச் சுமக்கிறார். கட்டாய லேபிள் வந்தால் சுமையில் ஒரு பங்கு மறுபக்கம் போகும். பெருநிறுவனங்கள் எதிர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நெறிவிதி எழுதியது:

எதிர்த்த வரலாற்றையும் பதிவு செய்வோம். கலிஃபோர்னியாவில் 2012 நவம்பரில் லேபிளைக் கட்டாயமாக்கும் 37ஆம் முன்மொழிவு மீது வாக்கெடுப்பு நடந்தது. தொடக்கக் கருத்துக்கணிப்புகளில் லேபிளுக்கு ஆதரவு பெருவாரியாக இருந்தது. விதை நிறுவனங்களும் உணவு நிறுவனங்களும் 4 கோடி டாலருக்கு மேல் செலவழித்துப் பிரசாரம் செய்தன. 51க்கு 49 என்ற அளவில் முன்மொழிவு தோற்றது. 2013இல் வாஷிங்டன் மாநிலத்திலும் தோல்வி. 2014இல் ஓரிகன் மாநிலத்தில் பதினைந்து லட்சம் வாக்குகளில் 837 வாக்கு வித்தியாசத்தில் தோல்வி.

வெர்மான்ட் என்ற சின்னஞ்சிறு மாநிலம் வாக்கெடுப்புக்குப் போகாமல் 2014இல் சட்டமன்றத்திலேயே நிறைவேற்றியது. அது 2016 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு மாநிலத்துக்கு மட்டும் தனி அச்சு போட முடியாது என்பதால் சில பெரிய நிறுவனங்கள் நாடு முழுவதும் லேபிள் போடத் தொடங்கின. நான்கு வாரத்துக்குள் கூட்டாட்சிச் சட்டம் கையெழுத்தாகி மாநிலச் சட்டத்தை இல்லாமல் செய்துவிட்டது.

அந்தக் கூட்டாட்சிச் சட்டத்தின் அடியில் 2018 டிசம்பரில் வந்த விதியை வாசித்தால் வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும். மரபணு மாற்றம் என்று மக்களுக்குப் பழகிய சொல்லுக்குப் பதிலாக "உயிரிப் பொறியியல்" என்று எழுத வேண்டும். எழுத்துக்குப் பதில் க்யூஆர் குறியீடு போட்டாலும் போதும் என்றது அந்த விதி. முதல் மூலப்பொருள் இறைச்சியாக இருந்தால் விலக்கு. உணவகங்களுக்கு விலக்கு. நன்கு சுத்திகரிக்கப்பட்டு, மாற்றப்பட்ட மரபணுப் பொருள் கண்டறிய முடியாமல் போனால் அதற்கும் விலக்கு என்றது. அதாவது சோயா எண்ணெய், பீட் சர்க்கரை, மக்காச்சோளச் சர்க்கரைப் பாகு எல்லாம் வெளியே போகும் வழி அது. மரபணு மாற்றப் பயிர் மனித உணவுக்குள் வரும் பெரிய வாசலே அவைதான்.

க்யூஆர் விஷயத்தில் சட்டமே ஓர் ஆய்வு நடத்தச் சொல்லியிருந்தது. கடையில் நின்று ஸ்கேன் செய்து தகவலைப் பெறுவதில் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள் என்று ஆய்வு சொன்னது. அதை வைத்துக்கொண்டே விதியை இயற்றியதைக் கலிஃபோர்னியாவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தவறு என்று தீர்ப்பளித்தது.

வெண்முகில் எழுதியது:

நன்றி நெறிவிதி. நான் "பாக்கெட்டின் மேலேயே, எழுத்தில்" என்று முதலில் எழுதியது இதனால்தான். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலமாரி முன்னால் நிற்கும் ஒருவர், இருபது பொருளுக்கு இருபது முறை கைபேசியை நீட்டுவார் என்று எதிர்பார்ப்பது தகவல் கொடுப்பதாகாது.

கதிர்முனை எழுதியது:

க்யூஆர் குறியீட்டை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் ஐரோப்பாவைப் பாருங்கள். அங்கே 2004 ஏப்ரல் முதல் கண்டிப்பான லேபிள். எண்ணெயில் டிஎன்ஏ இல்லாவிட்டாலும் எழுத வேண்டும். விளைவு என்ன? மக்கள் படித்துத் தேர்ந்தெடுத்தார்களா? இல்லை. தேர்ந்தெடுக்க அலமாரியில் பொருளே இல்லை. அந்த வரி போட்ட பொருளை வைத்தால் யாராவது வாசலில் மறியல் செய்வார்கள் என்று கடைகள் ஒதுக்கிவிட்டன, தயாரிப்பாளர்கள் செய்முறையை மாற்றிவிட்டார்கள். தகவல் என்று தொடங்கியது தடையாக முடிந்தது.

அதே ஐரோப்பா ஆண்டுதோறும் கோடிக்கணக்கான டன் சோயாவைத் தீவனத்துக்கு இறக்குமதி செய்கிறது. அதில் பெரும்பகுதி மரபணு மாற்றப்பட்டது. தீவன மூட்டையில் லேபிள் உண்டு. அதைத் தின்ற கோழியின் முட்டையிலும் மாட்டின் பாலிலும் இல்லை. பாலாடைக்கட்டி உறையவைக்கும் கைமோசின் நொதியைப் பாருங்கள். கன்றின் மரபணுவை நுண்ணுயிரில் வைத்துத் தயாரிக்கும் அந்த நொதிக்கு அமெரிக்கா 1990இலேயே அனுமதி கொடுத்தது. இன்று உலகின் பாலாடைக்கட்டியில் பெரும்பங்கு அதனால் உறைகிறது. ஐரோப்பிய விதியில் அது பதப்படுத்தத் துணைசெய்யும் பொருள், ஆகவே லேபிள் வேண்டாம். தங்களுக்குத் தேவையான இடத்தில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, மற்ற இடத்தில் பூட்டுப் போடுகிறார்கள்.

வெண்முகில் எழுதியது:

விலக்குகள் நேர்மையற்றவை என்பதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். பாலுக்கும் முட்டைக்கும் "மரபணு மாற்றத் தீவனம்" என்று எழுதட்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஓட்டை இருக்கிறது என்பதற்காகப் பாத்திரத்தையே தூக்கி எறியச் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஆனால் லேபிள்தான் ஐரோப்பாவில் அந்த உணவைக் கொன்றது என்பதை மறுக்கிறேன். 1996இல் பிரிட்டனில் இரண்டு பெரிய கடைத்தொடர்கள் மரபணு மாற்றத் தக்காளியில் செய்த விழுதை விற்றன. சட்டம் கட்டாயப்படுத்தாத நேரம் அது. டப்பாவின் முகப்பிலேயே வெளிப்படையாக எழுதி, வழக்கமான விழுதைவிட மலிவாக, அதன் பக்கத்திலேயே வைத்தார்கள். மக்கள் வாங்கினார்கள். நன்றாக, பல மாதங்கள் வாங்கினார்கள். அதே ஆண்டுதான் அமெரிக்காவிலிருந்து களைக்கொல்லி தாங்கும் சோயா, சாதாரண சோயாவோடு கலந்தே, பிரிக்க மாட்டோம் என்ற பிடிவாதத்தோடு கப்பலில் வந்தது. சோயா எத்தனையோ பொருளுக்குள் போகிறது. எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று யாருக்கும் தெரியாது. பைத்தியமாட்டு நோய் விவகாரத்தில் மாட்டிறைச்சிக்கு ஆபத்தில்லை என்று அரசு சொன்னதை நம்பி ஏமாந்து நின்ற மக்கள் அவர்கள். கோபம் அங்கேதான் பற்றியது. 1998இல் மரபணு மாற்ற உருளைக்கிழங்கு தின்ற எலிகள் பற்றிய சர்ச்சை தொலைக்காட்சியில் வெடித்ததும், வெளிப்படையாக எழுதி விற்ற தக்காளி விழுதும் சேர்ந்து விழுந்தது. எழுதிக் கொடுத்ததை மக்கள் ஏற்றார்கள், எழுதாமல் திணித்ததைத்தான் வெறுத்தார்கள்.

நெறிவிதி எழுதியது:

வெர்மான்டிலும் அதற்கு ஒத்த தடயம் உண்டு. சட்டம் வருவதற்கு முன்னும் பின்னும் அம்மாநில மக்களையும் நாட்டின் பிற பகுதி மக்களையும் கேட்டு ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வெளியானது. எளிமையான கட்டாய லேபிள் வந்த பிறகு, மரபணு மாற்ற உணவுக்கு எதிர்ப்பு அங்கே 19 சதவீதம் குறைந்திருந்தது. லேபிள் பீதியைக் கிளப்பும் என்ற வாதத்துக்கு நேர் எதிரான முடிவு. ஒரு சிறிய மாநிலம், சில வாரச் சட்டம் என்பதையும் மனத்தில் வைத்துத்தான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

கதிர்முனை எழுதியது:

அந்த ஆய்வை மதிக்கிறேன். ஆனால் அதே ஆய்வாளர்களில் ஒருவர் பணியாற்றிய அமெரிக்கப் பல்கலைக்கழகம் 2015இல் நடத்திய கருத்துக்கணிப்பில் இன்னொரு கேள்வியும் இருந்தது. "டிஎன்ஏ உள்ள உணவுக்கு லேபிள் கட்டாயமாக்க வேண்டுமா?" 80 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். கிட்டத்தட்ட எல்லா உணவிலும் டிஎன்ஏ இருக்கிறது. மக்கள் கேட்கிறார்கள் என்பதை மட்டும் வைத்துச் சட்டம் போடலாமா?

தாய்மடி எழுதியது:

ஐயா, அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருந்தால் நானும் ஆம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஒரு தாய்க்குத் தெரியாத சொல் உணவில் இருக்கிறது என்றால், எழுதுங்கள் என்றுதான் சொல்வாள். அவளுக்கு விளங்கவைப்பது உங்களைப் போன்ற படித்தவர்களின் கடமை. விளங்காதவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்று முடிவுகட்ட உங்களுக்கு உரிமை கிடையாது.

கதிர்முனை எழுதியது:

அம்மா, உங்கள் வார்த்தையில் உள்ள நியாயத்தை மறுக்க மாட்டேன். என் வருத்தத்தையும் கேளுங்கள். ஹவாயில் பப்பாளித் தோட்டங்களை வளையப்புள்ளி வைரஸ் அழித்துக்கொண்டிருந்தபோது, அதே வைரஸின் உறைப்புரத மரபணுவைச் செடியில் வைத்து ஒரு ரகத்தை உருவாக்கினார்கள். பல்கலைக்கழக ஆய்வாளர்களின் வேலை அது, பெருநிறுவனத்தின் வேலை அல்ல. 1998இல் விதை விவசாயிகள் கைக்குப் போனது, தொழில் பிழைத்தது. களைக்கொல்லி தாங்கும் சோயாவுக்கும் இந்தப் பப்பாளிக்கும் நோக்கத்திலோ விளைவிலோ எந்த ஒப்புமையும் இல்லை. ஒன்று தெளிக்கும் மருந்தைக் கூட்டலாம், மற்றது ஒரு நோயைத் தடுக்கிறது. உங்கள் லேபிள் இரண்டையும் ஒரே வரியில் கட்டிவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் வயலில் நின்ற எங்களுக்கு அது வலிக்கிறது.

வெண்முகில் எழுதியது:

அப்படியானால் வரியை நீளமாக்குவோம். "மரபணு மாற்றப்பட்டது: வைரஸ் நோய் தாங்குவதற்காக." "மரபணு மாற்றப்பட்டது: களைக்கொல்லி தாங்குவதற்காக." இரண்டு மூன்று சொற்கள் கூடுதல், அவ்வளவுதான். அந்தச் சோயா தாங்கும் களைக்கொல்லியான கிளைஃபோசேட்டை 2015இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை "புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது" என்ற வகையில் வைத்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதே ஆண்டு அதற்கு மாறாகச் சொன்னது. இந்தச் சண்டையில் யார் பக்கம் நிற்பது என்று வாங்குபவரே முடிவு செய்யட்டும். நோய் தாங்கும் பப்பாளியை விரும்பி வாங்கி, களைக்கொல்லி தாங்கும் சோயாவைத் தவிர்க்க நினைப்பவர் எத்தனையோ பேர் இருக்கலாம். நான் அவர்களில் ஒருத்தி. இன்றைய நிலையில் எனக்கு அந்த வழியே இல்லை. பப்பாளியை ஜப்பான் 2011இல் லேபிளோடு அனுமதித்தது. லேபிள் இருந்ததால்தான் கதவு திறந்தது என்றும் அதைப் பார்க்கலாம்.

கதிர்முனை எழுதியது:

நோக்கத்தைச் சேர்த்து எழுதுவது என்றால் என் எதிர்ப்பில் பாதி போய்விடுகிறது. மீதிப் பாதி, கதிர்வீச்சு ரகங்களுக்கு ஏன் இல்லை என்பது. அதை விடமாட்டேன்.

பனிமலர் எழுதியது:

"மரபணு மாற்றம் இல்லாதது" என்று விருப்பமுள்ளவர்கள் போட்டுக்கொள்ளும் முத்திரை ஏற்கெனவே இருக்கிறதே. அது போதாதா?

அளவுகோல் எழுதியது:

அந்த முத்திரை உப்பின் மேலும் இருக்கிறது. உப்பில் மரபணுவே கிடையாது. மரபணு மாற்ற ரகமே இல்லாத காய்கறியிலும் அதைப் பார்க்கலாம். பக்கத்தில் இருக்கும் முத்திரையில்லாத பாக்கெட் ஏதோ குறையுள்ளது என்ற எண்ணத்தைத்தான் அது விதைக்கிறது. பீதி என்றால் இதுதான் பீதி.

ஜப்பான் இதைக் கொஞ்சம் நெறிப்படுத்தியது. முன்பு 5 சதவீதம் வரை கலப்பு இருந்தாலும் "மரபணு மாற்றம் இல்லாதது" என்று எழுதலாம். 2023 ஏப்ரல் முதல், சோதனையில் எதுவும் தென்படாவிட்டால் மட்டுமே அப்படி எழுத முடியும். மற்றவர்கள் "கலக்காமல் பிரித்துக் கையாளப்பட்டது" என்ற பொருளில்தான் எழுத வேண்டும். உண்மைக்கு நெருக்கமான வரி அது. ஆனால் அங்கேயும் எண்ணெய்க்கும் சோயா சாஸுக்கும் கட்டாயம் இல்லை, அதிக எடையுள்ள முதல் மூன்று மூலப்பொருள்களை மட்டுமே பார்க்கிறார்கள்.

சோதனை என்று நாங்கள் செய்வதையும் சொல்லிவிடுகிறேன். பல பழைய ரகங்களில், புகுத்திய மரபணுவை இயக்க 35எஸ் என்ற ஊக்கித் துண்டை வைத்திருப்பார்கள். டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் பிசிஆர் முறையில் அதைத் தேடுவோம். அந்தத் துண்டு எடுக்கப்பட்டது காலிஃபிளவரைத் தாக்கும் ஒரு வைரஸிலிருந்து. அதனால் சாதாரண முட்டைக்கோஸ் குடும்பக் காய்க்கு இயற்கையாகவே அந்த வைரஸ் தொற்றியிருந்தால் இயந்திரம் "இருக்கிறது" என்று காட்டும். உடனே அறிக்கை எழுதிவிடக் கூடாது. வைரஸின் வேறொரு பகுதியையும் தேடிப் பார்த்து, அது இருந்தால் இது தொற்று, மரபணு மாற்றமல்ல என்று தள்ள வேண்டும். சுத்திகரித்த எண்ணெய் வந்தால் தேட டிஎன்ஏவே மிச்சம் இருக்காது. செடியின் சொந்த டிஎன்ஏவிலேயே சின்ன மாற்றம் செய்யும் மரபணுத் திருத்தம் வந்த பிறகு இன்னும் கடினம். டிஎன்ஏவில் ஓர் எழுத்து மாறியிருக்கும். அது ஆய்வகத்தின் மரபணுக் கத்தரிக்கோலால் மாறியதா, இயற்கையில் தானாக மாறியதா என்று எந்த இயந்திரமும் சொல்லாது.

நெறிவிதி எழுதியது:

இனிவரும் சண்டை அதில்தான். ஜப்பானில் 2021 முதல் மரபணுத் திருத்தத் தக்காளி விற்பனையில் இருக்கிறது, லேபிள் கட்டாயம் இல்லை, நிறுவனம் தானே முன்வந்து எழுதுகிறது. இங்கிலாந்தின் 2023 சட்டமும் இத்தகைய உணவுக்கு லேபிள் கேட்கவில்லை. ஐரோப்பிய நீதிமன்றம் 2018 ஜூலையில் திருத்தமும் மரபணு மாற்றமே என்று தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஆணையம் 2023இல் கொண்டுவந்த வரைவு, சிறிய திருத்தங்கள் உள்ள பயிருக்கு விதைப் பையில் மட்டும் எழுதினால் போதும் என்றது. 2024 பிப்ரவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றம் உணவிலும் எழுத வேண்டும் என்று வாக்களித்தது. சோதித்துக் கண்டுபிடிக்க முடியாததை எழுதச் சொன்னால், பொய் சொல்பவரை எப்படிப் பிடிப்பது என்பதுதான் லேபிள் வேண்டாம் என்பவர்களின் வலுவான கேள்வி.

பண்டகசாலை எழுதியது:

அதற்குக் காகிதம் இருக்கிறது. சுத்திகரித்த எண்ணெயில் டிஎன்ஏ இல்லாதபோதும் ஐரோப்பா இத்தனை ஆண்டுகள் லேபிளை அமல்படுத்தியது எப்படி? 2003ஆம் ஆண்டின் தடமறிதல் விதிப்படி, சரக்கைக் கைமாற்றும் ஒவ்வொருவரும் அது மரபணு மாற்றப்பட்டது என்று அடுத்தவருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும், அந்தப் பதிவை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதிகாரி வந்தால் எண்ணெயைச் சோதிப்பதில்லை, கோப்பைத் திறக்கச் சொல்கிறார். எந்த ஆலை, எந்தக் கப்பல், எந்தக் கொள்முதல் என்று பின்னோக்கிப் போகிறார். விளைந்த நாடு, இயற்கை வேளாண்மைச் சான்று எல்லாமே இப்படித்தான் சரிபார்க்கப்படுகின்றன. அரிசியைப் பார்த்து அது ரசாயன உரம் இல்லாமல் விளைந்தது என்று எந்த ஆய்வகமும் உறுதியாகச் சொல்லிவிடாது. காகிதத்தை நம்பித்தான் முத்திரை போடுகிறோம்.

திருத்திய விதையை விற்கும் நிறுவனத்துக்குத் தன் விதை எது என்று தெரியும், காப்புரிமை வாங்கும்போது வரி வரியாக எழுதிக் கொடுத்திருக்கிறது. அந்தத் தகவல் விதைப் பையோடு நிற்காமல் விவசாயியின் ரசீதிலும், கிடங்கின் பதிவேட்டிலும், ஆலையின் கோப்பிலும் தொடர வேண்டும் என்று விதித்தால் போதும். கதிர்முனை கேட்கும் கதிர்வீச்சு ரகங்களையும் இதே பதிவேட்டில் ஏற்றலாம், புதிதாக வெளியிடும் ரகங்களிலிருந்து தொடங்கலாம். பழைய நெல்லையும் கோதுமையையும் இப்போது பிரித்தெடுக்க யாராலும் முடியாது.